பெங்களூரிலிருந்து பின் பாபா கணவாய்: விடுப்பு விண்ணப்பம் முதல் ஸ்பிதியின் காஸா வரை

இமயமலைக் கணவாய் ஒன்றைக் கடக்கத் திட்டமிடுபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும் என்பது. பெங்களூரில் இதற்குப் பதில் அநேகமாக ஒன்றுதான்: ஐந்து நாள். முன்னும் பின்னும் சனி, ஞாயிறைச் சேர்த்தால் ஒன்பது. எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கும் நம்மவர்களின் மலைப்பயணம் முழுவதும் இந்த ஒன்பது நாளுக்குள் திணிக்கப்படுகிறது. ஏற்பாட்டு நிறுவனங்களும் நம் நாடி பார்த்து அதற்கேற்ப அட்டவணை போட்டுவிட்டன. குறைந்த ஆக்சிஜனுக்கு உடல் பழகும் வேகம் மட்டும் அலுவலக நாட்காட்டிக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் பையும் காலணியும் பின்னால்தான் வரும். நாள் கணக்கு முன்னால் வரும்.

எந்தக் கணவாய்?

நான் எடுத்துக்கொள்வது பின் பாபா. ‘பின்’, ‘பாபா’ இரண்டும் கணவாயின் இரு புறமும் இருக்கும் பள்ளத்தாக்குகளின் பெயர்கள். ஹிமாசலப் பிரதேசத்தின் கின்னோர் மாவட்டத்தில் பாபா பள்ளத்தாக்கில் இருக்கும் காஃப்னு கிராமத்தில் நடை தொடங்குகிறது. சுமார் 4,900 மீட்டர் உயரத்தில் மலைத்தொடரைக் கடந்து, மறுபுறம் ஸ்பிதிப் பகுதியின் ‘பின்’ பள்ளத்தாக்கில் இருக்கும் முத் கிராமத்தில் முடிகிறது. ஏறும் பக்கம் காடு, புல்வெளி, ஓடை, ஆட்டுமந்தை. இறங்கும் பக்கம் பருவமழை எட்டிப்பார்க்காத வறண்ட நிலம். பழுப்பும் ஊதாவுமாகப் பாறைகள், மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பகலில் இந்த இரண்டு உலகங்களையும் பார்க்க முடிவதுதான் இந்தப் பாதையின் பெருமை.

இமயம் உங்களுக்குப் புதிது என்றால் இதிலிருந்து தொடங்க வேண்டாம். மணாலி அருகே சுமார் 4,270 மீட்டரில் இருக்கும் ஹம்ப்டா கணவாய்க்கு முதலில் போய்வாருங்கள். 4,000 மீட்டரைத் தொட்டபோது உங்கள் உடல் எப்படி நடந்துகொண்டது என்பது தெரிந்த பிறகு இங்கே வரலாம். ‘வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன்’ என்று சொல்லும் நண்பர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். கால் வலுவுக்கு அது நல்ல சான்று. ஆனால் வெள்ளியங்கிரியின் உச்சி 2,000 மீட்டரைக்கூடத் தொடாது. காற்று மெலியும்போது அவர் உடல் என்ன செய்யும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சிகரத்துக்கும் கணவாய்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சிகரம் ஏறுபவர் முடியாது என்று உணர்ந்தால் ஏறிய வழியிலேயே இறங்கலாம். கணவாயைத் தாண்டியவர் திரும்ப வேண்டுமானால் மறுபடியும் ஏறியாக வேண்டும். பின் பாபாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாண்டிய அன்று இரவு தங்கும் மாங்ருங்சே சுமார் 4,200 மீட்டர். மறுநாள் சேரும் முத் சுமார் 3,800 மீட்டர். அங்கிருந்து வண்டியில் போய்ச் சேரும் காஸாகூட 3,600 மீட்டருக்கு மேல். ஸ்பிதிப் பக்கத்தில் ‘கீழே’ என்று சொல்ல உண்மையில் இடமே இல்லை. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் கண்டவருக்கு முதல் மருந்து கீழே இறங்குவது. அந்த மருந்து கணவாயின் கின்னோர்ப் பக்கத்தில்தான் கிடைக்கும். கீழே நான் சொல்லப்போகும் கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

பதினாறு நாள் திட்டம்

பத்து நாள் விடுப்பு கேளுங்கள். மூன்று வாரயிறுதிகளைச் சேர்த்தால் பதினாறு நாள் கிடைக்கும். மேலாளரிடம் மார்ச்சிலேயே சொல்லிவிட்டால் ஜூனிலோ செப்டம்பரிலோ கிடைப்பது அவ்வளவு கடினமல்ல.

முதல் சனிக்கிழமை பெங்களூரிலிருந்து விமானத்தில் சண்டிகர், அங்கிருந்து சாலை வழியாக ஷிம்லா. ஞாயிறு ஷிம்லாவிலிருந்து ராம்பூர் வழியாகக் கல்பா. கல்பா 2,900 மீட்டரை ஒட்டிய உயரம். கின்னர் கைலாசம் எதிரே நிற்கும், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே நல்ல விடுதிகள் உண்டு. திங்களும் அங்கேயே. பகலில் சற்று மேலே ஏறிப் பார்த்துவிட்டு இரவு கீழே வந்து தூங்குங்கள். பல அட்டவணைகளில் இல்லாத நாள் இது. நான் எதை விட்டாலும் இதை விட மாட்டேன். செவ்வாய் வாங்டு வரை திரும்பி வந்து, கிளைச் சாலையில் காஃப்னு. இங்கே நீர்மின் நிலையம் உண்டு, கடைகள் சில உண்டு. பணம், பேட்டரி, மருந்து என எதை மறந்திருந்தாலும் இதற்கு முன்பே ராம்பூரிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கிவிடுவது நல்லது.

புதன் காஃப்னுவிலிருந்து (சுமார் 2,400 மீட்டர்) முலிங் (சுமார் 3,200). நீண்ட நாள், காட்டு வழி. வியாழன் காரா (சுமார் 3,500). குறுகிய நடை. அகன்ற புல்வெளியில் ஓடை பல கிளைகளாகப் பிரிந்து ஓடும். அதைக் கடக்க வேண்டியிருக்கும், தண்ணீர் எலும்பு வரை குளிரும். வெள்ளி காராவில் ஓய்வு. சனி பூட்சிராங் (சுமார் 4,100). ஞாயிறு கணவாய், மறுபுறம் மாங்ருங்சே. திங்கள் உபரி நாள். செவ்வாய் முத். புதன் காஸா, வியாழன் மணாலி, வெள்ளி சண்டிகர், சனி வீடு. கடைசி ஞாயிறு இரண்டாவது உபரி நாள்.

காராவில் ஏன் ஓய்வு என்று கேட்பீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. காராவிலிருந்து பூட்சிராங் 600 மீட்டர் ஏற்றம். இடையில் நல்ல முகாம் அமைக்க வசதியில்லாதபோது, முன்னால் ஓர் இரவு கூடுதலாகத் தங்கித்தான் அதை ஈடுகட்ட முடியும். ஒன்பது நாள் அட்டவணையில் முதலில் வெட்டப்படுவது இந்த இரவுதான்.

திங்கள்கிழமை உபரி நாளைப் பூட்சிராங்கில் வானிலைக்காகக் காத்திருக்கச் செலவிடலாம் என்று குழுத் தலைவரிடம் பயணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உணவும் எரிபொருளும் அந்த ஒரு நாளுக்கும் சேர்த்து மேலே போயிருக்க வேண்டும். கைவசம் உணவில்லாமல் காகிதத்தில் மட்டும் இருக்கிற உபரி நாள் எதற்கும் உதவாது.

எந்த மாதம்?

ஜூன் பிற்பாதியில் கணவாயின் இரு புறமும் பனி நிறைய இருக்கும். அழகு அதிகம், உழைப்பும் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் பாபா பள்ளத்தாக்கு பூத்துக் குலுங்கும். அதே மழை தேசிய நெடுஞ்சாலை 5-இல் மலையைச் சரித்துக் கொட்டவும் செய்யும். 2021 ஆகஸ்டில் கின்னோரின் நிகுல்சாரியில் நிகழ்ந்த நிலச்சரிவில் ஓர் அரசுப் பேருந்தும் வேறு வாகனங்களும் புதைந்து 28 பேர் இறந்தார்கள். நீங்கள் ஷிம்லாவிலிருந்து போவதும் அதே சாலையில்தான். 2023 ஜூலை மழையில் ஸ்பிதி, மணாலிப் பக்கச் சாலைகள் துண்டிக்கப்பட்டு, சந்திரதால் ஏரி முகாம்களில் நூற்றுக்கணக்கானோர் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். என் தேர்வு செப்டம்பர் முதல் பாதி. இரவுக் குளிர் கூடுதல், பூக்கள் குறைவு, பாதை தெளிவு. பனியில் நடந்த அனுபவம் உள்ள குழு என்றால் ஜூன் பிற்பாதி.

மருத்துவர், பிறகு பயிற்சி

பணம் கட்டும் முன் மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, இதய மின்வரைபடம் ஆகியவை போதும். நம்மிடையே இரத்தசோகை பரவலாக இருக்கிறது. சமவெளியில் அது வெறும் களைப்பாகத் தெரியும், 4,000 மீட்டரில் படுக்க வைத்துவிடும். ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் போகவே கூடாது என்பதில்லை. ஆனால் அதைக் குழுத் தலைவரிடம் மறைக்கக் கூடாது. அசிட்டசோலமைடு, அதாவது கடைகளில் டயமாக்ஸ் என்று கிடைக்கும் மாத்திரை, தடுப்பு மருந்தாகப் பொதுவாக 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை தரப்படுகிறது. உங்களுக்குத் தேவையா, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் அடிக்கடி சிறுநீர் போவதும் அந்த மாத்திரையின் வழக்கமான விளைவுகள், பயப்பட வேண்டாம்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேல். ‘நாம் ஏற்கெனவே உயரத்தில்தானே இருக்கிறோம்’ என்று பேசிக்கொள்வதில் பொருளில்லை. அந்த உயரம் மலைக்கு எந்த வகையிலும் உதவாது. உடல் வலுவை மட்டும்தான் இங்கே கட்ட முடியும். பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வாரத்தில் நான்கு நாள் கப்பன் பார்க்கிலோ அல்சூர் ஏரியைச் சுற்றியோ மெதுவோட்டம். ஐந்து கிலோமீட்டரை மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே முடிக்க வர வேண்டும். வேகத்தைவிட நீடிப்புதான் தேவை. இரண்டாவது மாதம் படிக்கட்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. பத்து மாடிக் கட்டடமே போதும், முதுகில் எட்டு கிலோ பையோடு ஏறி இறங்குங்கள். பாதுகாவலர் ஒருமாதிரி பார்ப்பார், இரண்டு வாரத்தில் பழகிவிடுவார். இறங்கும்போது லிஃப்டில் வர வேண்டாம். கணவாய் நாளில் முழங்காலையும் தொடையையும் பதம் பார்ப்பது பெரும்பாலும் இறக்கம்தான்.

மூன்றாவது மாதத்தில் வாரயிறுதி மலைகள். பெங்களூரை அடுத்த சிவகங்கே, சாவனதுர்கா, சுல்தான்பேட்டைப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறும் நந்தி மலை. கடைசிக்கு முந்தைய வாரங்களில் ஒருமுறை குக்கே சுப்ரமண்யாவிலிருந்து 1,712 மீட்டர் உயரமுள்ள குமார பர்வதம். கர்நாடக வனத்துறை மலைப்பாதைகள் பலவற்றுக்கு இணையவழி முன்பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். குமார பர்வதத்தில் ஏறி இறங்கிய மறுநாள் காலை எழுந்து மீண்டும் ஐந்து மணி நேரம் நடக்க முடிகிறதா? அந்த மறுநாள்தான் உண்மையான தேர்வு. இமயத்தில் எல்லா நாளும் மறுநாள்தான்.

யாரோடு போவது?

இந்தப் பாதையில் தனியே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலை மூடிவைத்துவிட்டுக் கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? அவர்களில் காஃப்னு அல்லது பின் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர் உண்டா? ஆக்சிஜன் சிலிண்டர் கணவாய் வரை வருமா, கீழே முகாமிலேயே நின்றுவிடுமா? ஒருவர் இறங்க நேர்ந்தால் அவரோடு இறங்கத் தனி ஆள் இருக்கிறாரா? கணவாய் நாளில் எத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘நிலைமையைப் பார்த்து முடிவு செய்வோம்’ என்று பதில் வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள். வனத்துறை அனுமதியை அவர்கள் வாங்குவார்கள். ஆதார் அட்டையும் மருத்துவச் சான்றும் நீங்கள் தர வேண்டும். காப்பீட்டில் 4,900 மீட்டர் உயரமும் மீட்புச் செலவும் அடங்குமா என்று பாலிசியின் சிறு எழுத்துகளில் பாருங்கள். பல பாலிசிகள் அதற்கு வெகு கீழேயே உயர வரம்பு வைக்கின்றன.

காஃப்னுவை விட்டால் கைப்பேசியை நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து நண்பர் வாங்கி வந்த செயற்கைக்கோள் தொடர்புக் கருவியைப் பையில் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டவிரோதம். ஆகவே ஸ்பிதிப் பக்கம் எந்தத் தேதியில் வெளிவருவீர்கள், எந்தத் தேதிக்குப் பிறகு யாரை அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பையில் என்ன?

கணுக்காலை மூடும், நீர் புகாத காலணியைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, எல்லாப் பயிற்சியும் அதிலேயே செய்யுங்கள். உடை அடுக்கடுக்காக: வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் உள்ளாடை, ஃபிளீஸ் (மென்மையான செயற்கைக் கம்பளி மேலாடை), இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே மழையும் காற்றும் புகாத மேலாடை. பருத்தி வேண்டாம். நனைந்தால் அது உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கையுறை இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, தலைவிளக்கு, நடைக்கோல்கள், பனி இருக்கும் மாதம் என்றால் மைக்ரோஸ்பைக்கும் (காலணியில் மாட்டும் முள் பட்டை) கெய்ட்டரும் (காலணிக்குள் பனி புகாமல் காலைச் சுற்றும் உறை). ஓடையைக் கடக்கத் தனியாகப் பட்டை வைத்த செருப்பு. கருப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கிறது, கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் நடந்தால் அன்றிரவு கண்ணைத் திறக்க முடியாது. ஜாக்கெட், மைக்ரோஸ்பைக் போன்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம். காலணியை ஒருபோதும் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

பெரிய பையைக் கோவேறு கழுதை சுமக்கும். சிறிய பை உங்கள் முதுகில். இங்கேதான் நான் பிடிவாதக்காரன். இறகு ஜாக்கெட், மழை மேலாடை, உலர்ந்த கையுறை, தலைவிளக்கு, அவசரகாலத்துக்கான மெல்லிய உலோகப் படலப் போர்வை, ஒரு வேளை உணவு, ஒரு லிட்டர் தண்ணீர் ஆகிய ஏழும் வெயிலடிக்கும் நாளிலும் உங்கள் முதுகில்தான் இருக்க வேண்டும். 2024 ஜூனில் கர்நாடகத்திலிருந்து உத்தரகண்டின் சஹஸ்ரதாலுக்குச் சென்ற குழு பனிப்புயலில் சிக்கி ஒன்பது பேர் இறந்தது பெங்களூர் மலையேற்ற வட்டாரத்தை உலுக்கிய செய்தி. ஜூன் மாதமும் புயலைக் கொண்டுவரும். அப்போது கழுதை எங்கோ முன்னால் போயிருக்கும்.

விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில், நடைக்கோல் பெரிய பையில். கேஸ் குப்பிக்கு எதிலும் அனுமதி இல்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். 4,100 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, சோறு விதையாக நிற்கும். சமையல்காரர்கள் குக்கர் கொண்டுவருவார்கள். ஆனாலும் உயரம் ஏற ஏறப் பசி மட்டுப்பட்டு, ராஜ்மாவைப் பார்த்தாலே குமட்டும் நேரம் வரும். அப்போது பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், நார்த்தங்காய், இஞ்சி மரப்பா ஆகியவைதான் நம்மவர்களைச் சாப்பிட வைக்கும். கடலை மிட்டாய் சட்டைப்பையில் இருக்கட்டும், குளிரில் சாக்லேட்டைப் போல இறுகாது. தண்ணீரும் சூப்புமாக நாளுக்கு மூன்று லிட்டர் வரை உள்ளே போக வேண்டும்.

உயர நோய்

4,900 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவுதான் குறைகிறது. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், கடும் களைப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தால் அதைத் தீவிர மலையுயர நோயின் தொடக்கம் என்றே கொள்ளுங்கள். ‘தூக்கம் சரியில்லை’, ‘வெயிலில் நடந்தேன்’ என்று சமாதானம் சொல்லாதீர்கள். அறிகுறி உள்ளவர் மேலே ஏறக் கூடாது. ஒரு நாள் பார்க்கலாம், குறையாவிட்டால் இறங்க வேண்டும்.

இரண்டு நிலைகளில் ஒரு நாள்கூடப் பார்க்கக் கூடாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், நுரைத்த சளி ஆகியவை நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளம். பேச்சுக் குழறல், குழப்பம், தள்ளாட்டம் ஆகியவை மூளை வீக்கத்தின் அடையாளம். குதிகாலை முன்காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் இரவானாலும் இறக்குங்கள். விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் உதவும், ஆனால் அந்த உயரத்தில் நலமாக இருப்பவருக்கும் 80-களில் எண் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

பூட்சிராங்கில் இரவு உணவின்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் யாரும் தலைவலி என்று சொல்ல மாட்டார்கள். அங்கே தலைவலி தீராதவர் மறுநாள் காராவுக்கு இறங்குகிறார், கணவாய்க்குப் போவதில்லை. எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி. மறுபக்கத்தில் அவரை இறக்க இடமில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கணவாய் நாள்

அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்புங்கள். பனி இறுகியிருக்கும் நேரத்தில் கால் ஊன்றி நிற்கும், வெயில் ஏறினால் முழங்கால் வரை புதையும். பிற்பகலில் மேகமும் காற்றும் சேரும். ஒன்பது, பத்து மணிக்கு உச்சியில் இருப்பது நல்ல வேகம். பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று முந்தைய இரவே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி ஏற்றம் செங்குத்து. மூச்சுக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறுங்கள், நின்று நின்று ஓடுபவர்தான் முதலில் சோர்வார். உச்சியில் படம் எடுக்கக் கால் மணி நேரம் போதும். இறக்கத்தில் பனியும் சரளைக்கல்லும் கலந்த சரிவு. இடைவெளி விட்டு நடங்கள், மேலே இருப்பவர் உருட்டும் கல் கீழே இருப்பவருக்கு ஆபத்து. பனியில் உட்கார்ந்து சறுக்கலாம் என்று யாராவது உற்சாகப்படுத்தினால், கீழே சரிவு எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியாதவரை மறுத்துவிடுங்கள்.

முத் கிராமத்துக்குப் போகும் நாள் நீளமானது, ஆனால் எளிது. ‘பின்’ ஆற்றை ஒட்டிய நடை. முத்தில் தங்கும் வீடுகள் உண்டு. பேருந்து அரிது, காஸாவுக்கு ஜீப்பை முன்பே பேசிவையுங்கள். காஸாவில் மருத்துவமனையும் ஸ்டேட் பாங்க் ஏடிஎம்மும் இருக்கின்றன. என்றாலும் ரொக்கம் கையில் இருக்கட்டும், இயந்திரத்தில் பணம் இருப்பது ஒவ்வொரு நாளும் ஒரு விதம். காஸாவிலிருந்து மணாலிக்குக் குன்சும் கணவாய் வழியாக நாள் முழுக்கக் கரடுமுரடான சாலை. க்ராம்பூவைத் தாண்டி அடல் சுரங்கத்தை எட்டியதும்தான் முதுகு நிமிரும். குன்சும் மூடியிருந்தால் தாபோ, ரெக்காங் பியோ வழியாக வந்த சாலையிலேயே ஷிம்லாவுக்குத் திரும்பலாம், ஆனால் ஒரு நாளாவது கூடும். கடைசி ஞாயிறு அதற்குத்தான். சண்டிகர்–பெங்களூர் விமான டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடிய வகையிலேயே வாங்குங்கள், அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைப் பயணச் செலவின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.